எந்தப் போனிலும் திறக்க வேண்டும்: ஆப் எழுதுகிறவர்களுக்குப் பிராசஸர் பொருத்தம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கம்பம், தேவாரம், போடி பக்கத்திலிருந்து காலையில் ஜீப் பிடித்து, கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி வழியாக மலையேறி இடுக்கி ஏலக்காய்த் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் ஏராளம். அவர்களுக்காக ஆள் கணக்கு, பச்சைக்காய் எடை, கூலிச் சீட்டு என்று சின்னச் சின்ன ஆண்ட்ராய்டு ஆப் எழுதித் தரும் பிள்ளைகள் இப்போது மலைக்கு இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். "என் போனில் நன்றாக ஓடுகிறது, கங்காணி போனில் திறந்ததும் மூடிக்கொள்கிறது" என்பதுதான் என்னிடம் வரும் முதல் கேள்வி. பல நேரம் அதற்குக் காரணம் பிராசஸர் பொருத்தமாகத்தான் இருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்கப்படுவதை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

நான் கோட்லினில் மட்டும்தான் எழுதுகிறேன். பிராசஸரைப் பற்றி எனக்கு என்ன கவலை?

நிஜமாகவே கோட்லின் மட்டும்தான் என்றால் கவலையில்லை. கோட்லின், ஜாவா மொழிகளில் எழுதியது டெக்ஸ் என்ற பொதுவான வடிவத்துக்கு மாறுகிறது. அதைத் தன் பிராசஸருக்கு ஏற்ற கட்டளைகளாக மாற்றிக்கொள்வது அந்தந்தப் போனில் ஆப்பை ஓட்டும் ஏஆர்டி என்ற பகுதியின் வேலை.

ஆனால் "மட்டும்" என்ற சொல்லைச் சரிபார்த்துவிடுங்கள். பூட்டிய டேட்டாபேஸுக்கு எஸ்க்யூஎல்சைஃபர், படம் அலசுவதற்கு ஓப்பன்சிவி, க்யூஆர் படிக்க ஒன்று, பிடிஎஃப் காட்ட ஒன்று என்று சேர்த்த லைப்ரரிகள் பலவும் சி, சி++ மொழியில் எழுதி முன்கூட்டியே கம்பைல் செய்த கோப்புகளைத் தங்களோடு கொண்டுவருகின்றன. ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவில் ஏபிகே அனலைசரைத் திறந்து, உங்கள் ஏபிகேயில் (ஆப்பின் நிறுவல் கோப்பில்) லிப் என்ற ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கீழே உள்ள பெரும்பாலான கேள்விகள் உங்களுக்கு வேண்டியதே இல்லை. இருந்தால், உள்ளே எஸ்ஓ என்று முடியும் கோப்புகள் தெரியும். அவைதான் பிராசஸரோடு நேரடியாகப் பேசுகிறவை.

ஃப்ளட்டர் என்ற கருவித்தொகுப்பில் எழுதுகிறவர்களுக்கு லிப் ஃபோல்டர் எப்போதும் இருக்கும். ரிலீஸ் பில்டில் உங்கள் டார்ட் மொழிக் கோடே நேரடியாக இயந்திரக் கட்டளையாகிவிடுகிறது. ரியாக்ட் நேட்டிவ், யூனிட்டி இரண்டுக்கும் இதே கதைதான். யூனிட்டியில் 64-பிட் ஆர்ம் (இன்றைய போன்களில் உள்ள பிராசஸர் வகை) வேண்டுமென்றால் ஐஎல்2சிபிபி என்ற பில்ட் முறையைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், மோனோ என்ற முறையில் கிடைக்காது.

மொத்தம் எத்தனை வகைப் பிராசஸருக்கு பில்ட் செய்ய வேண்டும்?

ஆண்ட்ராய்டு இந்த வகைகளை ஏபிஐ, அதாவது அப்ளிகேஷன் பைனரி இன்டர்ஃபேஸ் என்று பிரிக்கிறது. இன்று புழக்கத்தில் இருப்பவை நான்கு: 32-பிட் ஆர்ம் (ஆர்ம்ஈஏபிஐ-வி7ஏ), 64-பிட் ஆர்ம் (ஆர்ம்64-வி8ஏ), 32-பிட் இன்டெல் வகை (எக்ஸ்86), 64-பிட் இன்டெல் வகை (எக்ஸ்86-64). பழைய ஆர்ம்ஈஏபிஐ, மிப்ஸ் இரண்டையும் 2018-இல் வந்த என்டிகே (சி, சி++ கோடை ஆண்ட்ராய்டுக்குக் கம்பைல் செய்யும் கருவித்தொகுப்பு) ஆர்17 நீக்கிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் அந்தப் பெயர்களைப் பார்த்தால் தாண்டிப் போய்விடுங்கள்.

இன்டெல் சிப் வைத்த போன்கள் ஒரு காலத்தில் நம் ஊரில் விற்றன. 2012 ஏப்ரலில் இந்தியாவில் வெளியான லாவா சோலோ எக்ஸ்900 இன்டெல் ஆட்டம் சிப்போடு வந்தது. 2014-இல் வந்த ஆசுஸ் சென்ஃபோன் 5-உம் அப்படித்தான். 2016-இல் இன்டெல் போன் சிப்களைக் கைவிட்டது. இப்போது எக்ஸ்86 வகைகள் தேவைப்படுவது உங்கள் லேப்டாப் எமுலேட்டருக்கும் குரோம்புக்குக்கும்தான். தோட்டத்துக்குப் போகும் ஆப்புக்கு இரண்டு ஆர்ம் வகைகளும் போதும்.

போனில் இருப்பது 64-பிட் சிப் என்று விவரப் பட்டியலில் போட்டிருக்கிறதே, அப்புறம் ஏன் 32-பிட் கோப்பைக் கேட்கிறது?

நம் பகுதியில் ஆளை அதிகம் குழப்புவது இதுதான். சிப்பால் 64-பிட் கட்டளைகளை ஓட்ட முடியும் என்பது ஒன்று. அதன்மேல் போட்டிருக்கும் ஆண்ட்ராய்டு 64-பிட்டா என்பது வேறு. கார்டெக்ஸ்-ஏ53 கோர் வைத்த எத்தனையோ மலிவுப் போன்கள் 32-பிட் ஆண்ட்ராய்டோடுதான் கடைக்கு வந்தன. ஒன்று, இரண்டு ஜிபி ராம் உள்ள போனில் 64-பிட் ஆப் கூடுதல் நினைவகம் தின்னும் என்பதால் தயாரிப்பாளர்கள் அப்படிச் செய்தார்கள். அந்தப் போனில் 64-பிட் எஸ்ஓ கோப்பு ஒருநாளும் ஓடாது.

அதனால் சிப்பின் பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். போனைக் கேபிளில் மாட்டி, ஏடிபி (லேப்டாப்பிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி) ஷெல்லில் கெட்ப்ராப் கட்டளை கொடுத்து, ரோ.புராடக்ட்.சிபியு.ஏபிஐலிஸ்ட் என்ற பண்பு என்ன சொல்கிறது என்று பாருங்கள். 64-பிட் ஆர்ம், 32-பிட் ஆர்ம் இரண்டும் வந்தால் அந்தப் போன் இரண்டையும் ஓட்டும். 32-பிட் மட்டும் வந்தால் 32-பிட் மட்டும்தான். ஆப்புக்குள்ளிருந்தே பார்க்க, பில்ட் வகுப்பில் சப்போர்ட்டட் ஏபிஐஸ் என்ற பட்டியல் இருக்கிறது. ஆப்பின் "விவரம்" பக்கத்தில் ஓர் ஓரத்தில் அதைக் காட்டிவிடுங்கள். மலைமேல் இருக்கிறவர் போனில் கூப்பிட்டுப் புகார் சொல்லும்போது, அதை வாசிக்கச் சொன்னாலே பாதி விஷயம் விளங்கிவிடும்.

பழைய போனில் ஓடுகிறது, புதுப் போனில்தான் விழுகிறது. எப்படி இப்படித் தலைகீழாக நடக்கும்?

விழும்போது லாகில் அன்சாட்டிஸ்ஃபைட் லிங்க் எரர் என்று வந்தால், கீழே உள்ளதை நிதானமாகப் படியுங்கள்.

உதாரணத்துக்கு ஒரு கூலிச் சீட்டு ஆப். சீட்டு அடிக்க, இடுப்பில் மாட்டும் ப்ளூடூத் தெர்மல் பிரின்டர். அதை விற்றவர்கள் ஒரு லைப்ரரி கொடுக்கிறார்கள், அதில் 32-பிட் ஆர்ம் எஸ்ஓ மட்டும் இருக்கிறது. ஆப் எல்லாப் போனிலும் ஓடுகிறது. 64-பிட் போன்கள் பலவற்றில் 32-பிட்டும் ஓடும் என்பதால் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த மாதம் ஆள் அட்டையைப் படிக்க க்யூஆர் லைப்ரரி ஒன்றைச் சேர்க்கிறீர்கள். அதில் 32, 64 இரண்டும் இருக்கின்றன. அன்றிலிருந்து புதுப் போன்களில் எல்லாம் அச்சடிக்கும் பொத்தானைத் தொட்டதும் ஆப் மூடிக்கொள்கிறது. கை வைத்தது க்யூஆரில், விழுந்தது பிரின்டர்.

காரணம் இது. ஆப்பை நிறுவும்போது ஆண்ட்ராய்டு ஒரே ஒரு ஏபிஐயைத்தான் தேர்ந்தெடுக்கும். 64-பிட் ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு இருந்தாலும் போதும், 64-பிட் போன் அதையே எடுத்துக்கொள்ளும். அதன்பிறகு 32-பிட் ஃபோல்டரை அது எட்டிப் பார்க்காது. ஒரே ப்ராசஸுக்குள் இரண்டையும் கலக்க முடியாது. க்யூஆர் வருவதற்கு முன் 64-பிட் ஃபோல்டரே இல்லாததால் ஆப் முழுக்க 32-பிட்டாக ஓடியது. வந்தபின் 64-பிட்டாக மாறியது. அந்தப் பக்கம் பிரின்டர் கோப்பு இல்லை.

ஏபிகே அனலைசரில் ஒவ்வொரு ஏபிஐ ஃபோல்டரையும் திறந்து, எல்லாவற்றிலும் அதே பெயர்ப் பட்டியல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு பெயர் ஒரு பக்கம் குறைந்தால் பிரச்சினை அங்கேதான். தீர்வுகளில் முதலாவது, விற்றவரிடம் 64-பிட் கோப்பு கேட்பது. ஆப்பை பில்ட் செய்யும் கருவியான கிரேடிலில் ஏபிஐ ஃபில்டர்ஸ் போட்டு 32-பிட்டை மட்டும் வைத்துக்கொள்ளும் குறுக்கு வழியும் உண்டு. ஆனால் அப்படிச் செய்த ஆப்பைப் பிளே ஸ்டோர் ஏற்காது, 64-பிட் மட்டும் ஓட்டும் போன்களில் நிறுவவும் முடியாது.

நான் பரிந்துரைப்பது மூன்றாவது வழி: அந்த லைப்ரரியையே தூக்கிவிடுவது. சந்தையில் கிடைக்கும் சின்னத் தெர்மல் பிரின்டர்களில் பெரும்பாலானவை ஈஎஸ்சி-பாஸ் என்ற கட்டளைத் தொகுப்பைத்தான் புரிந்துகொள்கின்றன. ப்ளூடூத் சீரியல் இணைப்பைத் திறந்து அந்தப் பைட்டுகளைக் கோட்லினிலிருந்தே அனுப்பிவிடலாம். ஆளின் பெயர் தமிழிலும் தோட்டத்தின் பெயர் மலையாளத்திலும் வர வேண்டுமா? கேன்வாஸில் எழுதி, படமாக மாற்றி அனுப்புங்கள். இவ்வகைப் பிரின்டரின் சொந்த எழுத்துருவை நம்பினால் கொம்பும் புள்ளியும் இடம் மாறி நிற்கும். படமாக அனுப்பினால் இரண்டு மொழியும் சுத்தமாக வரும், எஸ்ஓ கோப்பும் தேவையில்லை.

பிளே ஸ்டோர் விதி என்ன சொல்கிறது?

2019 ஆகஸ்ட் 1 முதல், நேட்டிவ் கோடு, அதாவது எஸ்ஓ கோப்பு உள்ள புது ஆப்பும் அப்டேட்டும் 64-பிட் பில்டைச் சேர்த்தே தர வேண்டும். 2021 ஆகஸ்ட் 1 முதல், 32-பிட் மட்டும் உள்ள ஆப்கள் 64-பிட் போனில் பிளே ஸ்டோரில் கிடைப்பதில்லை. 32-பிட்டை நீக்கச் சொல்லி விதி இல்லை. அது உங்கள் விருப்பம்.

ஸ்டோருக்குப் போகாமல் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறேன், எனக்கு விதி எதற்கு என்று கேட்கிறவர்களும் உண்டு. 2022-இல் வந்த பிக்சல் 7 முதல், 64-பிட் ஆப்களை மட்டுமே ஓட்டும் போன்கள் வந்துவிட்டன. ஆர்ம் நிறுவனத்தின் புதுக் கோர்கள் பலவற்றில் 32-பிட் ஆப் ஓட்டும் வசதியே கிடையாது. தோட்ட முதலாளி புதுப் போன் வாங்கினால் உங்கள் 32-பிட் ஆப் அதில் ஏறாது.

ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்கு ஆப்பை அனுப்பினால் நிறுவ மறுக்கிறது. ஏன்?

ஜீப்பில் உட்கார்ந்தபடியே ஒருவர் ஆப்பை இன்னொருவருக்குத் தள்ளிவிடுவது இங்கே சாதாரணம். மலைமேல் சிக்னல் கிடைக்காத இடம் நிறைய, அது நல்ல வழக்கமும்கூட. ஆனால் பிளே ஸ்டோரிலிருந்து வந்த ஆப் ஒரே கோப்பு அல்ல. ஆப் பண்டிலாக ஏற்றியதை ஸ்டோர் துண்டுகளாக்கி, அந்தப் போனுக்கு வேண்டிய ஏபிஐ, மொழி, திரை அளவுக்கானதை மட்டும் இறக்குகிறது. ஷேர் செய்யும் கருவி பேஸ் ஏபிகே என்ற அடிப்படைத் துண்டை மட்டும் அனுப்பினால் நேட்டிவ் துண்டு கூட வராது. எல்லாத் துண்டும் போனாலும், 64-பிட் போனிலிருந்து 32-பிட் போனுக்குப் போனால் பயனில்லை.

இப்படிக் கைமாறுவதற்கென்று இரண்டு ஆர்மும் அடங்கிய ஒரு யுனிவர்சல் ஏபிகேயைத் தனியாக வைத்திருங்கள். அளவு கூடும், பரவாயில்லை. அதை உங்கள் லேப்டாப்பில் பில்ட் செய்து கொடுக்காமல், பிளே கன்சோலில் ஆப் பண்டில் எக்ஸ்ப்ளோரர் பக்கத்திலிருந்து இறக்குங்கள். பிளே ஆப் சைனிங் போட்டிருந்தால் ஆப்பில் கையொப்பமிட ஸ்டோர் பயன்படுத்தும் சாவி வேறு, உங்கள் கையிலுள்ள சாவி வேறாக இருக்கலாம். இரண்டு சாவியும் பொருந்தாவிட்டால் பழையதன்மேல் புதியது ஏறாது.

ஃப்ளட்டர்க்காரர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. ஏபிஐ வாரியாகப் பிரித்து ஏபிகே எடுத்தால் ஃப்ளட்டர் ஒவ்வொன்றுக்கும் வெர்ஷன் கோடை (பதிப்பு எண்ணை) மாற்றும். 32-பிட் ஆர்முக்கு 1000, 64-பிட் ஆர்முக்கு 2000 கூட்டும். உங்கள் வெர்ஷன் கோடு 5 என்றால் 64-பிட் ஏபிகேயில் அது 2005. அடுத்த முறை பிரிக்காமல் யுனிவர்சலாக 6 என்று அனுப்பினால், போன் அதைப் பழைய பதிப்பு என்று நினைத்து மறுக்கும். "அழித்துவிட்டு மறுபடி போடுங்கள்" என்று நீங்கள் சொல்வீர்கள், அவரும் அழிப்பார். இன்னும் சர்வருக்குப் போகாத எடைக் கணக்கு அதோடு போய்விடும். அது ஒருவருடைய அன்றைய கூலி. முதல் நாளே ஒரு முறையைத் தேர்ந்தெடுத்து, கடைசிவரை அதிலேயே நில்லுங்கள்.

எமுலேட்டரில் சரியாக இருக்கிறது, போனில் தப்பான எடை காட்டுகிறது. இதுவும் பிராசஸரா?

சி++ கோடு எழுதியிருந்தால், இருக்கலாம். விண்டோஸ் லேப்டாப்பில் ஓடும் எமுலேட்டர் பொதுவாக எக்ஸ்86-64. கையில் இருக்கும் போன் ஆர்ம். இரண்டும் ஒரே கோடை வேறு மாதிரிப் படிக்கும் இடங்கள் சில உண்டு.

சி-யில் கேர் என்ற ஒரு பைட் வகை எக்ஸ்86-இல் குறியுடன் (மைனஸும் அடங்க) வரும், ஆர்மில் குறியில்லாமல் வரும். எடைத்தராசு ப்ளூடூத்தில் 183 என்ற பைட்டை அனுப்புகிறது என்று வையுங்கள். எமுலேட்டரில் அது மைனஸ் 73, போனில் 183. "பூஜ்யத்துக்குக் கீழே போனால் இது நிலைக்குறி" என்று நீங்கள் எழுதிய சோதனை எமுலேட்டரில் வேலை செய்யும், போனில் ஒருபோதும் உண்மையாகாது. நிலைக்குறி பைட்டும் எடைக்குள் கலந்துவிடும். தராசு, பிரின்டர், சென்சார் எதிலிருந்து வரும் பைட்டாக இருந்தாலும் யுஇன்ட்8 (குறியில்லாத 8-பிட் எண்) வகையில் வாங்குங்கள். கோட்லினில் பைட் எல்லாப் போனிலும் குறியுடன்தான் வரும். அங்கே பிராசஸரால் மாறாது.

அடுத்தது லாங். 32-பிட் ஆர்மில் 4 பைட், 64-பிட்டில் 8 பைட். சி++ பாயின்டரைக் கோட்லின் பக்கம் இன்ட்டில் வைத்தால் 64-பிட்டில் பாதி வெட்டுப்படும். லாங்கில்தான் வைக்க வேண்டும். 32-பிட் ஆண்ட்ராய்டில் நேரத்தை வைக்கும் டைம்-டி வகை இன்னும் 32-பிட்தான் என்பதையும், 2038-ஐத் தாண்டிய தேதி அதில் அடங்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

த்ரெட் (ஆப்புக்குள் ஒரே நேரத்தில் ஓடும் தனித்தனி வேலைகள்) விஷயம் இன்னும் நுட்பமானது. நினைவகத்தில் எழுதிய வரிசை மற்ற கோர்களுக்கும் அதே வரிசையில் தெரியும் என்ற உறுதியை எக்ஸ்86 பெரும்பாலும் தரும், ஆர்ம் தராது. பூட்டு போட மறந்த கோடு எமுலேட்டரில் மாதக்கணக்கில் தப்பித்துவிட்டுத் தோட்டத்தில் எப்போதாவது ஒருமுறை கணக்கைத் தப்பாக்கும். அட்டாமிக் அல்லது மியூடெக்ஸ் போடாமல் இரண்டு த்ரெட்டுக்கு நடுவே எதையும் பகிராதீர்கள்.

இதனால்தான் கம்பத்திலோ கட்டப்பனையிலோ பழைய போன் கடையில் ஒரு 32-பிட் போனை வாங்கி மேசையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். அந்தப் பணம் வீண் போகாது.

போட்டோ பார்த்து ஏலக்காயைத் தரம் பிரிக்கும் மாடல் சேர்த்தேன். சில போனில் மட்டும் சிக்இல் என்று விழுகிறது.

பிராசஸருக்குத் தெரியாத கட்டளை வந்ததும் வருவது அது. வேகத்துக்காக ஆர்ம்வி8.2, டாட்-பிராடக்ட் என்று கம்பைலருக்குக் கொடி (ஃபிளாக்) கொடுத்திருப்பீர்கள். கார்டெக்ஸ்-ஏ53 கோருக்கு அந்தக் கட்டளைகள் தெரியாது. அதுவும் 64-பிட் ஆர்ம் என்பதால் நிறுவும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். அடிப்படைக் கொடிகளோடு மொத்தத்தையும் கம்பைல் செய்யுங்கள், வேகமான பகுதியைத் தனியாக வைத்து, ஓடும்போது பிராசஸரிடம் கேட்டபின் மட்டும் அழையுங்கள். டென்சர்ஃப்ளோ லைட் போன்ற லைப்ரரிகளின் ரிலீஸ் பில்டுகள் இதைத் தாங்களே பார்த்துக்கொள்கின்றன. நீங்களே கம்பைல் செய்தால்தான் இந்தச் சிக்கல் வரும்.

16 கேபி பேஜ் என்று பிளே கன்சோல் எச்சரிக்கிறது. என்ன அது?

நினைவகத்தை ஆண்ட்ராய்டு 4 கேபி பக்கங்களாகப் பிரித்து வந்தது. ஆண்ட்ராய்டு 15 முதல் 16 கேபி பக்கத்தோடும் போன் வரலாம். 4 கேபிக்கு அடுக்கிய எஸ்ஓ கோப்பு அங்கே ஏறாது. ஆண்ட்ராய்டு 15-ஐயோ அதற்கு மேலோ இலக்கு வைக்கும் புது ஆப்பும் அப்டேட்டும் 2025 நவம்பர் 1 முதல் 64-பிட்டில் 16 கேபியைத் தாங்க வேண்டும் என்று பிளே விதித்திருக்கிறது.

என்டிகே ஆர்28-இல் பில்ட் செய்தால் அடுக்கு தானாக வரும். கிரேடில் பிளகினை 8.5.1 அல்லது அதற்கு மேல் கொண்டுபோங்கள். பிறர் கொடுத்த எஸ்ஓ கோப்புகளைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், ஏபிகே அனலைசரே காட்டிக்கொடுக்கும். 16 கேபிக்கு அடுக்கியது 4 கேபி போனிலும் ஓடும், பழைய போன்களுக்குப் பாதிப்பில்லை.

ஐபோனுக்கும் இவ்வளவு பாடு உண்டா?

இல்லை. 2017-இல் வந்த ஐஓஎஸ் 11-லிருந்து 64-பிட் ஆர்ம் மட்டும்தான்.

ஜியோபோனில் ஓடுமா?

2017-இல் வந்த பட்டன் ஜியோபோன் ஆண்ட்ராய்டு அல்ல, காய்ஓஎஸ் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடும் போன். ஏபிகே அதில் ஏறவே ஏறாது. அதை வைத்திருக்கிறவருக்குக் கூலி விவரத்தை எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப வழி செய்யுங்கள்.

ரிஸ்க்-வி பற்றிக் கேள்விப்படுகிறோம். இப்போதே தயாராக வேண்டுமா?

ஐஐடி மெட்ராஸின் சக்தியும், திருவனந்தபுரத்தில் உள்ள அரசு ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் வேகாவும் ரிஸ்க்-வி என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் வழியில் வடிவமைத்த பிராசஸர்கள். நமக்கு இரண்டு பக்கமும் இந்த வேலை நடப்பதில் எனக்குச் சந்தோஷம். ஆனால் கடையில் வாங்கும் ஆண்ட்ராய்டு போனுக்கு இன்று அந்த ஏபிஐயில் பில்ட் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. எடைத்தராசையே சொந்தமாகச் செய்ய நினைக்கிறவர்களுக்கு வேண்டுமானால் அவை பார்க்க வேண்டியவை.

32-பிட்டை எப்போது விடலாம்?

எல்லாரும் கேட்கும் கேள்வி இது. பில்ட் நேரம் குறையும், ஏபிகே சிறுக்கும், சோதனை பாதியாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் மகன் புதுப் போன் வாங்கிக்கொண்டு அம்மாவுக்குக் கொடுத்த பழைய போன்தான் மலைமேல் காய் எடுக்கப் போகிறது. அதை விட்டுவிட்டால், அந்த அம்மாவின் எடையை வேறொருவர் வாயால் சொல்லி எழுத வேண்டிவரும். எடையை ஆளே தன் கண்ணால் பார்க்கட்டும் என்றுதானே இந்த ஆப்பை எழுதினோம்?

ஊகிக்க வேண்டாம், எண்ணுங்கள். ஆப் சர்வரோடு ஒத்திசையும்போது சப்போர்ட்டட் ஏபிஐஸ் பட்டியலையும் ஒரு வரியாக அனுப்பச் செய்யுங்கள். பிளே கன்சோலின் டிவைஸ் கேட்டலாக்கும் உதவும், ஆனால் கைமாறி நிறுவிய போன்கள் அதில் வராது. உங்கள் சர்வர் பட்டியலில் ஓர் அறுவடைக் காலம் முழுக்க 32-பிட் மட்டும் ஓட்டும் போன் ஒன்றுகூட வரவில்லையென்றால் கிரேடிலில் 32-பிட் ஆர்மைச் சேர்க்கும் வரியை எடுத்துவிடுங்கள். அதுவரை இருக்கட்டும். எடுக்கும்போதும், கடைசி 32-பிட் ஏபிகேயையும் அதன் சோர்ஸையும் பத்திரமாக வையுங்கள், சர்வர் பழைய பதிப்பிலிருந்து வரும் கணக்கைத் தொடர்ந்து வாங்கட்டும். மழைக்காலம் முழுக்க ஊரிலேயே இருந்துவிட்டு, அணைத்து வைத்த பழைய போனோடு மறுபடி மலையேறுகிறவர்கள் உண்டு.